மத்தியானம் ஆனால் நிற்கும் கார்

எங்கள் கார் காலையில் ஒரு நாளும் நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் காலத்தில் ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் பாதிப் பேர் என் காரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் ஒரே திருப்புதான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாம் போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு வரும்வரை ஒரு இருமல் கிடையாது, ஒரு விக்கல் கிடையாது. அதே பிள்ளைகளை மத்தியானம் கூட்டிவரப் போனால்தான் வம்பு.

நான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆரம்பித்தது எண்பதுகளின் நடுவில். அதற்கு முன்னால் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் பேக்டரியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். சிப்புகளைச் சூட்டடுப்புக்குள் மணிக்கணக்கில் வைத்து, எது தாங்குகிறது, எது சாகிறது என்று பார்க்கிற வேலை. சூடு ஏறினால் ஒரு சாமான் என்னென்ன நாடகம் ஆடும் என்பது எனக்கு அத்துப்படி. நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஆர்டர் குறைந்துபோய் எங்கள் லைனையே மூடிவிட்டார்கள். கடைசி நாள் ஆளுக்கொரு கேக் துண்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கேக்கை நான் பேக்டரி பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

மற்றவர்களெல்லாம் அழுதார்கள். நான் அழவில்லை. எனக்குப் பெரும்பாலும் நைட் ஷிப்ட். எங்கள் வீட்டுக்காரர் ஹார்பரில் கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதுகிற பகல் வேலை. அவர் வீட்டுக்குள் நுழையும்போது நான் பேக்டரி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். நான் திரும்பி வரும்போது அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார். கல்யாணமாகி வருஷக்கணக்கில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம், "சோறு மூடி வெச்சிருக்கேன்", "கேஸ் முடிஞ்சிருச்சு", "கதவைச் சாத்திக்க" இவ்வளவுதான். வேலை போன பிறகுதான் அந்த மனுஷன் ரசம் சாதத்துக்கு மூன்று அப்பளம் சாப்பிடுவார் என்பதே எனக்குத் தெரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்துப்போனது. இனிமேல் ஷிப்ட் வேலைக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

கார் எங்கள் வீட்டுக்காரருடைய சித்தப்பாவுடையது. அவர் ஈப்போவுக்கு மாறிப் போகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் கார். எங்கள் பிளாட்டிலேயே கீழ்மாடியில் ஒரு அக்கா இருந்தார். அவருடைய பிள்ளைகள், அவர் தங்கச்சி பிள்ளைகள் என்று பின்சீட்டு முழுக்க அந்த ஒரு குடும்பம்தான். அக்காதான் எனக்கு முதலில் வாய்ப்புக் கொடுத்தவர். "பொம்பள ஓட்டுற காருன்னா எனக்கும் நிம்மதி லா," என்றார். அவர் ஏற்றிவிட்டதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் முன்சீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஆக, அக்கா பிள்ளைகளை இறக்கிக்கொண்டால் என் தொழில் அன்றோடு சரி. மறுபடியும் ஏதாவது ஒரு பேக்டரி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். புது ஆளுக்கு நைட் ஷிப்ட்தான் கொடுப்பார்கள்.

இப்போது அந்தக் காருக்கு நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். பழைய கார்களில் பாயிண்ட் என்று ஒன்று உண்டு. நகம் அளவுக்கு இரண்டு இரும்புத் துண்டுகள். எஞ்சின் சுற்றச் சுற்ற அவை ஒட்டும், பிரியும். பிரிகிற ஒவ்வொரு தடவையும் பிளக்கில் பொறி வரும். பொறி வந்தால்தான் பெட்ரோல் எரியும், கார் ஓடும். அந்தத் துண்டுகள் தேயும், கருகும். சும்மா சும்மா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளி பார்த்து மாட்ட வேண்டும். நின்று நின்று போகிற பள்ளிக்கூட ஓட்டத்துக்கு அந்த நச்சரிப்பு ஆகவே ஆகாது. அதனால் பாயிண்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு எலெக்ட்ரானிக்குக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தேன். ஜெலுத்தோங்கில் பழைய காரை உடைத்து விற்கிற கடையில் ஒரு ஜப்பான் காரின் சாமான்கள் கிடைத்தன. அதில் முக்கியமானது ஒரு கறுப்புப் பெட்டி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அடியில் அலுமினியத் தகடு. பாயிண்ட் செய்த வேலையை இது செய்யும். தேய்கிற சமாச்சாரமே கிடையாது.

ஒன்று மட்டும் முக்கியம். அந்தப் பெட்டி ஓட ஓடச் சூடாகும். அந்தச் சூடு இறங்க வேண்டும் என்றால் அதன் அடித்தகடு காரின் இரும்பில் அழுத்தமாக ஒட்டி உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பசை தடவுவார்கள். சூட்டைக் கடத்திவிடுவதற்கென்றே உள்ள பசை. பேக்டரியில் அதைத் தடவித் தடவி என் விரல் நகமெல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கும். வேலை போனபோது பாதி டியூப் என் பையில் இருந்தது. திருடவில்லை, தூக்கிப் போடச் சொன்னதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் மாட்டியது ஆயுத பூஜை சமயத்தில். முதல் நாளே எல்லாவற்றையும் துடைத்து, காரின் உள்சுவரில் பெயிண்ட்டைச் சுரண்டி இடம் தயார் செய்து, பெட்டியின் அடியில் பசையைத் தடவி, ஒரு தட்டில் வைத்துவிட்டேன். காலையில் எழுந்து நாலு ஸ்குரூ போட்டால் முடிந்தது. எங்கள் வீட்டுக்காரருக்கு ஆயுத பூஜை என்றால் தலைகால் புரியாது. தையல் மிஷின், மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, சோற்றுக் குக்கர், அவருடைய ஆபீஸ் பேனா, எதையும் விட மாட்டார். கழுவித் துடைத்து, திருநீறு பூசி, சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம். ஒரு வருஷம் கேஸ் சிலிண்டர் தோம்பு முழுக்கப் பொட்டு வைத்து, கேஸ் கொண்டுவந்த சீனப் பையன் பயந்துபோய்க் கையே வைக்க மாட்டேன் என்றுவிட்டான். அன்றைக்கும் என் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், கறுப்புப் பெட்டி எல்லாவற்றையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கக் கேட்டார்.

"தாராளமா வைங்க. ஆனா அந்தப் பெட்டி மேல எதையும் தடவிறாதீங்க, ஆமா. எலெக்ட்ரானிக் சாமான். ஒயர் போற எடத்துல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் போச்சு," என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். என் வாய் அப்படி. அவர் சரி சரி என்று தலையாட்டினார். காலையில் பார்த்தேன், பெட்டியின் மேல்பக்கம் பளிச்சென்று இருந்தது, ஒரு பொட்டு இல்லை. பரவாயில்லையே, சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று நினைத்துக்கொண்டு பெட்டியை அப்படியே எடுத்து, வைத்து, நாலு ஸ்குரூவையும் இறுக்கினேன்.

சும்மா சொல்லக் கூடாது, கார் பறந்தது. எங்கள் ஊரில் அது மழைக்காலம். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குச் சரியாகக் கொட்டும். மற்றவர்கள் கார் எல்லாம் ஈரத்தில் இருமிக்கொண்டு நிற்க, என் கார் மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். வருஷக் கடைசி வரைக்கும் ஒரு குறை இல்லை. நானும் சும்மா இருந்தேனா? பார்க்கிறவர்களிடமெல்லாம் பானெட்டைத் திறந்து காட்டினேன். ஜெலுத்தோங்கில் எங்கள் காரை வழக்கமாகப் பார்க்கிற போர்மேனிடமும் காட்டினேன். இங்கே கார் ரிப்பேர் செய்கிறவரைப் போர்மேன் என்றுதான் சொல்லுவோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பேக்டரி வேலை மாதிரியே இருக்கே தங்கச்சி," என்றார். அதையும் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. மழை போய்விட்டது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறியபோதே வெயில் மண்டையைப் பிளந்தது. அதற்கு அடுத்த வாரம், ஆயர் ஈத்தாம் பாசார் அருகே, பின்சீட்டில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, கார் முதல் தடவையாக ஒரு குலுக்கு குலுக்கியது. எஞ்சின் ஒரு துடிப்பு விட்டு ஒரு துடிப்பு துடித்தது. பின்னால் புகைக்குழாயில் டமார் என்று ஒரு வெடி. அவ்வளவுதான், நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது. பிள்ளைகளை இறக்கிக் கடை முன்னால் கூரை போட்ட அஞ்சடியின் நிழலில் நிறுத்திவிட்டுப் பானெட்டைத் திறந்து நின்றேன். வேர்த்து ஊற்றியது. பசி நேரம் வேறு. நான் எதையும் தொடவில்லை. அரை மணி நேரம் போல ஆனது. சும்மா ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி பற்றிக்கொண்டது. வந்ததே எனக்கு ஆத்திரம்.

மறுநாள் காலையில் நல்ல பிள்ளை. மத்தியானம் மறுபடியும் அதே கதை, இந்தத் தடவை பள்ளிக்கூட வாசலிலேயே. பிள்ளைகள் வரும்வரை எஞ்சினை நிறுத்தி வைத்திருந்தேன். திருப்பினால் பேச்சு மூச்சு இல்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னார். "பழைய பாயிண்ட் இன்னும் டப்பாவுல கெடக்குதே. அதையே திரும்ப மாட்டிப் பாரேன்."

"ஏன், என் வேலை மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

"அப்படிச் சொல்லல. ஓடுனா சரின்னு சொன்னேன்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இத்தனை மாசம் ஓடுச்சா இல்லையா? பெட்டி கெட்டுப்போயிருந்தா அப்பவே போயிருக்கணும்."

 எனக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்கள் சொல்லட்டும், கட்டின மனுஷனே பாயிண்ட்டைத் திரும்ப மாட்டு என்றால் என்ன அர்த்தம்? அன்றைக்கு அவருக்கு மூன்றாவது அப்பளம் பொரிக்கவில்லை.

போர்மேனிடம் கொண்டுபோனேன். அவர், "வெயில் பனாஸ், அந்தச் சூட்டுல பெட்ரோல் பைப்புலயே கொதிச்சு ஆவியாப் போகுது, அதான் எஞ்சினுக்கு வந்து சேரல," என்றார். அது நடக்கிற சங்கதிதான், இல்லையென்று சொல்ல முடியாது. சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று பெட்ரோல் பைப் நெடுகத் துணி காயப்போடுகிற மரக் கிளிப்பை மாட்டச் சொன்னார். பம்ப் மேல் ஈரத் துணி. வீட்டில் இருந்த கிளிப்பெல்லாம் காருக்குப் போய்விட, என் துணிகள் கொடியிலிருந்து கீழ்மாடிக்குப் பறந்துகொண்டிருந்தன. மத்தியானம் கார் கிளிப்போடு நின்றது. அடுத்து, பொறிக்கு மின்சாரத்தை ஏற்றித் தருகிற காயில் மேல் சந்தேகம். அது பழசுதான் என்று புதுசாக ஒன்று வாங்கி மாட்டினேன். புதுக் காயிலோடும் நின்றது. பிளக்கைக் கழற்றினேன், ஒயரை மாற்றினேன். அந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும் நான் தொடவே இல்லை. என் கையால் தடவி, என் கையால் இறுக்கியது. அதில் என்ன கோளாறு வரப்போகிறது?

புதன்கிழமை அக்கா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, உன்னைக் குறை சொல்லல. பிள்ளைங்க வெயில்ல நின்னு காய்ச்சலா வருது. சின்னவ நேத்து சாப்பிடாமலே படுத்துட்டா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அன்னைக்கும் நின்னுச்சுன்னா வேன்காரர்கிட்ட சொல்லிடுவேன். நீ தப்பா நெனைச்சுக்காதே."

"அக்கா, வெள்ளிக்கிழமை நிக்காது. நான் சொல்றேன்ல," என்றேன். அப்படிச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. வாய் முந்திக்கொண்டது. 

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் அங்சானா மரத்தடியில் எப்போதும் போலக் கார் செத்துப்போனது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரே ஐஸும் தேங்காய்ப்பாலும் போட்டுச் செண்டோல் விற்கிற அண்ணன் ஐஸைச் சீவிக்கொண்டிருந்தார். அந்தச் சரக் சரக் சத்தத்தைக் கேட்டதும் எனக்குப் பளிச்சென்று உறைத்தது. அடச்சே, நான் என்ன வேலை பார்த்தவள்? பேக்டரியில் சூட்டில் ஒரு போர்டு செத்தால், எந்தச் சாமான் குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்போம்? ஒவ்வொன்றாகக் குளிர வைப்போம். எதைக் குளிர வைத்ததும் போர்டு உயிர் பிழைக்கிறதோ, அதுதான் ஆள். வருஷக்கணக்கில் தினமும் செய்த வேலை. பத்து நாளாகக் கிளிப் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்!

"அண்ணே, ஐஸ் கட்டியைப் பையில போட்டுப் பொங்குஸ் பண்ணிக் குடுங்க. பால், சர்க்கரை ஒண்ணும் வேணாம். வெறும் ஐஸ்."

"வெறும் ஐஸா? எதுக்கு?"

"காருக்கு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் நாலைந்து பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார். முதல் பையைப் பெட்ரோல் பம்ப் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினேன். இல்லை. போர்மேன் சொன்ன கதை அதோடு தீர்ந்தது. அடுத்தது காயில். அதிலும் இல்லை. மிச்சம் இருந்தது கறுப்புப் பெட்டி ஒன்றுதான். எனக்கு அதன் மேல் ஐஸ் வைக்கவே மனசு வரவில்லை, பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளையைப் போலீஸில் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. கை வைத்துப் பார்த்தேன், சுட்டுவிட்டது. விரலை உதறிக்கொண்டு ஐஸை வைத்தேன். கொஞ்சம் பொறுத்துப் போய்ச் சாவியைத் திருப்பினேன்.

ஒரே திருப்பு. கார் உறுமியது. பின்சீட்டில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் செண்டோல் அண்ணனுடைய வாடிக்கையாளர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷமா, அவமானமா, இரண்டுமா, தெரியவில்லை. ஐஸ் பையைப் பிளாஸ்டிக் ரஃபியா கயிற்றால் பெட்டியோடு சேர்த்துக் கட்டி, பானெட்டை மூடி, ஜெலுத்தோங் வரைக்கும் நிற்காமல் வந்தேன். வழி நெடுகப் பிள்ளைகள், "ஆன்ட்டி, ஐஸ் இருக்கா, கரைஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

பெட்டிதான் குற்றவாளி என்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஏன்? இதே பெட்டி ஜப்பான் காரில் வருஷக்கணக்கில் இதே வெயிலில் ஓடியிருக்கிறது. அது இவ்வளவு சூடாகிறது என்றால் சூடு இறங்கவில்லை என்று அர்த்தம். சூடு இறங்கவில்லை என்றால் அடியில் ஏதோ இருக்கிறது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாப்பிடக்கூட மேலே போகாமல், பிளாட் கீழேயே நாலு ஸ்குரூவையும் கழற்றிப் பெட்டியைத் திருப்பினேன்.

என் வெள்ளைப் பசை இல்லை. ஒரு துளி இல்லை. அதற்குப் பதிலாகத் தகடு முழுக்க மூன்று பட்டை திருநீறு. அதன் நடுவில் கட்டை விரலால் அழுத்தி வைத்த பெரிய சந்தனப் பொட்டு, காய்ந்து கெட்டியாகி, விரல்ரேகைகூட அப்படியே பதிந்திருந்தது. அதன் நடுவில் குங்குமம். சந்தனம் மேடு கட்டி நின்றதால் தகடு இரும்பில் ஒட்டவே இல்லை. சூட்டைக் கடத்த வேண்டிய இடத்தில் குளிர்ச்சிக்கு வைக்கிற சாமான்! மழைக்காலத்தில் சமாளித்த பெட்டி, வெயில் வந்ததும் மூச்சுத் திணறியிருக்கிறது.

ஐயோ சாமி, எனக்கு வந்த கோபத்தில் ஹார்பருக்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன், கார் மட்டும் ஓடுகிற நிலையில் இருந்திருந்தால். பெட்டியை ஒரு தட்டில் வைத்துச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தேன். அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"இது என்னங்க?"

குனிந்து பார்த்தார். "பொட்டு," என்றார்.

"பொட்டுன்னு எனக்கும் தெரியுது! இது மேல எதையும் தடவாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"மேல தடவலையே. மேல வைக்காதேன்னு நீ சொன்ன, அதான் அடியில வெச்சேன். ஒயர் பக்கம் போகவே இல்ல."

"இதுல வெள்ளையா ஒரு பசை இருந்துச்சே, அது எங்க போச்சு?"

"அதுவா? ஏதோ அழுக்குன்னு நெனைச்சேன். அழுக்கு மேல எப்படிச் சந்தனம் வைக்கிறது? மண்ணெண்ணெய் போட்டு நல்லாத் தொடைச்சுட்டுத்தான் வெச்சேன்."

எனக்குச் சிரிப்பா வந்தது? இல்லை. இன்னும் ஏறியது. "ஸ்பேனருக்கு என்ன வெச்சீங்க? ஒரு சின்னப் பொட்டு. தையல் மிஷினுக்கு? ஒரு சின்னப் பொட்டு. இதுக்கு மட்டும் என்னத்துக்கு இம்புட்டு? சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அப்பி வெச்சிருக்கீங்களே, என்ன வேண்டுதல்?"

 நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீதானே சொன்ன, இந்தப் பெட்டி ஓடுனா கார் ஓடும்னு. கார் ஓடுனாத்தானே நீ வீட்டுல இருப்ப? இல்லாட்டி மறுபடியும் ஷிப்ட்டுக்குப் போயிடுவ. நான் வந்து கதவத் தொறந்தா வீடு இருட்டா இருக்கும். வருஷக்கணக்கா நானே லைட்டைப் போட்டு, நானே மூடி வெச்ச சோத்தத் தின்னுட்டுப் படுத்திருக்கேன். அதான் இதுக்கு மட்டும் நல்லா அழுத்தி வெச்சேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பாயிண்ட்டைத் திரும்ப மாட்டு என்றாரே, அதுவும் இதற்குத்தான் என்பது அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. என் வேலை நல்ல வேலையா, கெட்ட வேலையா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.  சமையலறைக்குள் போய், தேவையே இல்லாமல் குழாயைத் திறந்து ஒரு பாத்திரத்தைக் கழுவினேன்.

பிறகு இரண்டு பேருமாகக் கீழே போனோம். பெட்டியின் அடியை அவரே சுரண்டினார், நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மிச்சமிருந்த டியூபைப் பிதுக்கி மெல்லிசாகப் பசையைத் தடவினேன். அவர் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். "இதான் அந்த அழுக்கா?" என்றார். "இதேதான்," என்றேன். நாலு ஸ்குரூவையும் இறுக்கி முடித்தபோது வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டுமென்றே சீக்கிரம் போனேன். மரத்தடி நிழலில் நிறுத்தாமல் நட்ட வெயிலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சூடு நன்றாக ஏறிய பிறகு அணைத்தேன். செத்தால் இங்கேயே சாகட்டும் என்றுதான். செண்டோல் அண்ணன் என்னைப் பார்த்ததும் கேட்காமலேயே ஐஸ் பையைத் தூக்கிக் காட்டினார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பிள்ளைகள் ஏறினார்கள். வழக்கமாகக் கத்துகிற கூட்டம் அன்று கப்சிப். சாவியைத் திருப்பினேன், பற்றிக்கொண்டது. பாசார் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வந்தும் ஒரு விக்கல் இல்லை. அக்கா கீழேயே நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் இறங்கும்வரை என் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"நிக்காதுன்னு சொன்னேன்ல?" என்றேன்.

"சொன்ன, சொன்ன. உன் வாய்க்கு முன்னால நிக்குமா?" என்று சிரித்துவிட்டுச் சின்னவளுடைய பையை வாங்கிக்கொண்டார். வேன்காரர் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. அதே கார், அதே பெட்டி, அந்தப் பிள்ளைகள் மீசை முளைத்துத் தாங்களே கார் ஓட்டுகிற வரைக்கும் ஓடியது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைப் பூஜையை முடித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு கீழே வந்தார். நான் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பானெட் பக்கம் போனார், நின்றார். சக்கரத்தைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார். சந்தனம் குழைத்த விரல் அந்தரத்தில் நிற்கிறது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எனக்குப் பார்க்கவே பாவமாகப் போய்விட்டது.

"இப்ப எங்க வைக்கலாம்னு நீயே சொல்லு," என்றார்.

"எனக்கு வைங்க," என்றேன். "ஓட்டுறது நான்தானே."

கட்டை விரலால் நன்றாக அழுத்தித்தான் வைத்தார். ஜில்லென்று இருந்தது. மேலே சோறு வடித்து வைத்திருந்தேன், அப்பளமும் பொரித்து வைத்திருந்தேன், மூன்று. எல்லாம் ஆறிப்போகும் என்று தெரியும். ஆறட்டும் என்று இரண்டு பேரும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, நெற்றியில் அது காய்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்.